குறைந்த செலவில் கேட் (கணினியில் டிராயிங் போடும்) மென்பொருள்: ஒரே ஃபிளான்ஜை வைத்துப் பார்த்தது

“அக்கா, நீங்க அனுப்பின ஃபிளான்ஜ் பம்ப்புக்குங்களா, இல்ல சிறுவாணிக் குழாய்க்குங்களா?”

லேசர் கட்டிங் கடையிலிருந்து போன். சிறுவாணிக் குழாய் என்றால் எங்கள் கோயம்புத்தூருக்குக் குடிநீர் கொண்டுவரும் பெரிய குழாய், அந்தக் கிண்டல்தான். நான் வரைந்தது 165 மி.மீ. விட்டமுள்ள ஃபிளான்ஜ், அதாவது குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு. அவர் திரையில் அது நாலு மீட்டருக்கு மேல் விரிந்து கிடந்தது. தப்பு என்னுடையதுதான். ஆர்12 வகை டி.எக்ஸ்.எஃப். (பல மென்பொருள்களும் திறக்கும் டிராயிங் ஃபைல்) ஆகச் சேமித்து அனுப்பியிருந்தேன். 1992-இல் வந்த அந்தப் பழைய வடிவத்தில் 165 என்கிற எண் போகும். அது மில்லிமீட்டரா அங்குலமா என்பது போகாது. அவருடைய மெஷின் அங்குலம் என்று எடுத்துக்கொண்டது. 165-ஐ 25.4-ஆல் பெருக்கிப் பாருங்கள், 4191. பிளேட்டை ஏற்றும் முன் அவர் கவனித்தாரே, அதுவே பெரிசு.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் உதிரிபாகப் பட்டறையில் ஒன்பது வருடம் டிராயிங் போட்டேன். ஐ.டி.ஐ. சான்றிதழில் ‘டிராஃப்ட்ஸ்மேன்’ என்றுதான் போட்டிருக்கிறது, பெண்ணுக்கும் அதுதான். குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே ஜாப் ஒர்க் எடுக்க ஆரம்பித்தேன். பட்டறையில் சந்தா கட்டிப் பயன்படுத்தும் ஆட்டோகேட் என்ற கேட் மென்பொருள் இருந்தது. வீட்டில் எட்டு ஜி.பி. ரேம் போட்ட ஒரு பழைய கணினி மட்டும். அந்த போன் வந்தது வீட்டு வேலையின் முதல் வாரத்தில். அப்புறம் ஒவ்வொரு மென்பொருளாக எடுத்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கிராக் விஷயத்தை, அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். “யாருங்க காசு குடுத்து வாங்கறாங்க?” என்று நம் ஊரில் பாதிப் பேர் கேட்பார்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவைப் பாருங்கள். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினி நிரலைப் பயன்படுத்தினால் ஏழு நாளிலிருந்து மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். வியாபாரத்துக்குப் பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் இறங்கி வரலாம். நாம் பில் போட்டுக் காசு வாங்குகிறவர்கள், நமக்கு அந்த இடம் கிடையாது. அதோடு கிராக் ஃபைலோடு வரும் வைரஸ் வாடிக்கையாளரின் டிராயிங்குகளையும் சேர்த்துத் தின்றுவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

சரி, வேலைக்கு வருவோம். மென்பொருளைத் தேடும் முன்னால் ஒரு தாளில் எழுதுங்கள்: என் ஃபைல் யார் கைக்குப் போகிறது? என் தாள் இப்படி இருந்தது. லேசர் கடைக்கு டி.எக்ஸ்.எஃப். வி.எம்.சி. மெஷின் (கணினி இயக்கும் கடைசல் மெஷின்) வைத்திருப்பவருக்கு முப்பரிமாண ஸ்டெப் ஃபைல். பேட்டர்ன் (வார்ப்புக்கான மர மாதிரி) செய்கிறவருக்கு ஏ3 தாளில் பிரின்ட். பக்கத்துத் தெரு சிவில் இன்ஜினியருக்கு ஆட்டோகேடின் சொந்த ஃபைல் வடிவமான டி.டபிள்யூ.ஜி. லேத்காரருக்கு வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப்., அதையும் அவர் பையன் திறந்து காட்ட வேண்டும். எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஐந்து பேரில் டி.டபிள்யூ.ஜி. கேட்பவர் ஒரே ஒருவர். அந்த ஒருவருக்காக வருடா வருடம் சந்தா கட்டுவதா? முழு ஆட்டோகேடின் ஓராண்டுச் சந்தா ஒரு நல்ல பைக் விலைக்கு வந்துவிடும். எல்.டி. பதிப்பு அதைவிட எவ்வளவோ குறைவு, ஆனால் அதில் முப்பரிமாண மாடலிங் கிடையாது, அதற்கும் ஆண்டுதோறும் கட்ட வேண்டும்.

அடுத்தது சோதனை. விளம்பரத்தில் இருக்கும் வசதிப் பட்டியலைப் படித்து எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். போன வாரம் நீங்கள் முடித்த ஒரு வேலையை எடுத்து, அதையே ஒவ்வொன்றிலும் போட்டுப் பாருங்கள். நான் எடுத்தது 50 மி.மீ. குழாய்க்கான பி.என்.16 (அழுத்த வகை) ஃபிளான்ஜ்: வெளிவிட்டம் 165, பி.சி.டி. (துளை மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம்) 125, 18 மி.மீ. துளை நாலு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. போல்ட் துளை எதுவும் நடுக்கோட்டின் மேல் விழக் கூடாது, கோட்டுக்கு இரண்டு பக்கமும் சமமாக விலகி நிற்க வேண்டும். நாலு துளை என்றால் முதல் துளை 45 டிகிரியில். எட்டு என்றால் 22.5. எத்தனை துளையோ அதனால் 180-ஐ வகுத்தால் கோணம் வந்துவிடும்.

முதலில் லிப்ரேகேட். முற்றிலும் இலவசம், தொழிலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம், பழைய கணினியிலும் சட்டென்று திறக்கும். இரு பரிமாணம் மட்டும்தான். ஆட்டோகேடில் பழகிய கைக்கு முதல் நாள் எரிச்சலாக இருக்கும், ஏனென்றால் ஒன்றைச் சுற்றி வரிசையாக நகலெடுக்கும் ‘அர்ரே’ கட்டளையைத் தேடினால் கிடைக்காது. வழி இருக்கிறது. நடுப்புள்ளி பூஜ்ஜியத்தில் 82.5 ஆரத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். துளைக்கு வட்டக் கட்டளையைக் கொடுத்து, மையம் கேட்கும்போது 62.5<45 என்று அடியுங்கள். பி.சி.டி.யில் பாதி, 45 டிகிரி. ஆரம் 9. அப்புறம் அந்தத் துளையைத் தேர்ந்தெடுத்து ‘ரொட்டேட்’ கொடுத்தால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் பல நகல்கள் என்ற இடத்தில் 3, கோணம் 90. நாலு துளையும் உட்கார்ந்துவிடும். நடுத்துளையையும் போட்டால் படம் தயார். எனக்கு இரண்டாம் முறை நாலு நிமிடம்தான் ஆனது.

லிப்ரேகேடின் குறை டி.டபிள்யூ.ஜி.தான். சில ஃபைல்களைத் திறக்கும், சிலவற்றில் பாதியை விட்டுவிடும், அந்த வடிவத்தில் சேமிக்க முடியாது. இதற்கு ஓப்பன் டிசைன் அலையன்ஸ் தரும் இலவச மாற்றியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் ஃபோல்டர், வெளியே வரும் ஃபோல்டர், எந்த ஆண்டுப் பதிப்பு, அவ்வளவுதான் கேட்கும். இருபது டிராயிங்கையும் ஒரே மூச்சில் மாற்றிக் கொடுத்துவிடும்.

பதிப்பு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. “உங்க ஃபைல் எனக்கு ஓப்பன் ஆகலைங்க” என்று யாராவது சொன்னால் பதற வேண்டாம். அந்த டி.டபிள்யூ.ஜி. ஃபைலை நோட்பேடில் திறங்கள். எல்லாம் கிறுக்கலாகத் தெரியும், ஆனால் முதல் ஆறு எழுத்து தெளிவாக இருக்கும். ஏசி1032 என்றால் 2018 வடிவம். ஏசி1027 என்றால் 2013. ஏசி1015 என்றால் 2000. எதிராளியிடம் 2010 காலத்து மென்பொருள் இருந்தால் 2018 வடிவம் திறக்காது, மாற்றியில் கீழே இறக்கி அனுப்பினால் முடிந்தது. மூடும்போது நோட்பேடில் மட்டும் சேமித்துவிடாதீர்கள், ஃபைல் போய்விடும்.

க்யூகேட் என்பது லிப்ரேகேடின் தாய் வீடு. அதன் பழைய சமுதாயப் பதிப்பிலிருந்து பிரிந்து வந்ததுதான் லிப்ரேகேட். க்யூகேடின் இலவசப் பதிப்பில் டி.டபிள்யூ.ஜி. கிடையாது, காசு கொடுத்து வாங்கும் பதிப்பில் உண்டு. வருடச் சந்தா இல்லை, வாங்கிய பதிப்பு நம்மோடு இருக்கும். சோதனைப் பதிப்பு பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை நின்றுவிடும், மறுபடி திறந்து தொடரலாம். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் ஃபிளான்ஜ் முடிகிறதா என்று பார்ப்பதே நல்ல பரீட்சை. சிவில் இன்ஜினியரின் ஃபைலுக்காக நான் கடைசியில் இதைத்தான் வாங்கினேன். பட்டன்கள் அடுக்கிய விதமும் எனக்குப் பிடித்திருந்தது, அது அவரவர் ருசி.

நாள் முழுக்க டி.டபிள்யூ.ஜி.யிலேயே வேலை, ஆட்டோகேட் வேலையைத் தானாகச் செய்ய லிஸ்ப் நிரல்கள் வேறு எழுதி வைத்திருக்கிறீர்கள் என்றால் இந்த இரண்டும் போதாது. பிரிக்ஸ்கேட், இசட்.டபிள்யூ.கேட் போன்றவற்றைப் பாருங்கள். ஆட்டோகேட் கட்டளைகளே அப்படியே ஓடும், பழகிய விரலுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரே தடவை பணம் கட்டி வாங்கவும் முடியும். இரண்டிலும் முப்பது நாள் சோதனை உண்டு. அந்த முப்பது நாளை வேலை குறைவாக இருக்கும் மாதத்தில் ஆரம்பித்து வீணாக்காதீர்கள், ஆர்டர் நெருக்கும்போது ஆரம்பியுங்கள்.

‘இலவசம்’ என்ற சொல்லை நம்பி மொத்த வேலையையும் ஒன்றில் கட்டிவைப்பதும் ஆபத்து. டிராஃப்ட்சைட் பல வருடம் இலவசமாக இருந்தது, 2019-ஓடு அந்த இலவசப் பதிப்பு நின்றுபோனது. அதனால் எதில் வரைந்தாலும் முடிந்த வேலைக்கு ஒரு டி.எக்ஸ்.எஃப்., ஒரு பி.டி.எஃப். தனியாக எடுத்து வைக்கிறேன்.

இனி முப்பரிமாணம். இங்கே என் வோட்டு ஃப்ரீகேடுக்கு, அதுவும் 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்புக்குப் பிறகு. அதற்கு முன்பெல்லாம் ஒரு முகத்தின் மேல் துளை போட்டுவிட்டு அடிப்படை உருவத்தை மாற்றினால், மென்பொருளுக்கு எந்த முகம் எது என்று குழம்பி, துளை வேறெங்கோ போய் நிற்கும். 1.0-இல் அது பெருமளவு சரியாகிவிட்டது. தொழிலுக்கும் இலவசம், இணையம் தேவையில்லை, ஸ்டெப் ஃபைல் போடும்.

ஃபிளான்ஜைச் செய்யும் முன் அதிலேயே உள்ள ஸ்பிரெட்ஷீட்டைத் திறந்து நாலு கட்டத்தில் நாலு எண் போடுங்கள்: வெளிவிட்டம் 165, பி.சி.டி. 125, துளை எண்ணிக்கை 4, தடிமன். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் கொடுங்கள். பிறகு பார்ட் டிசைன் என்ற பகுதியில் ஸ்கெட்ச் வரையும்போது அளவு கேட்கும் இடத்தில் எண்ணை அடிக்காமல் அந்தப் பெயரைக் கொடுங்கள். முதல் துளையின் கோணத்துக்கு நான் மேலே சொன்ன 180 வகுத்தல் எண்ணிக்கை. துளையைச் சுற்றி அடுக்கும் ‘போலார் பேட்டர்ன்’ எண்ணிக்கையிலும் அதே பெயர். இதற்கு முதல் தடவை எனக்கு ஒரு முழு மதியம் போனது, குழந்தை எழுந்துவிட்டாள், நடுவில் இரண்டு முறை நிறுத்தினேன். ஆனால் அடுத்த மாதம் அதே வாடிக்கையாளர் 80 மி.மீ. ஃபிளான்ஜ் கேட்டார். வெளிவிட்டத்தை 200 ஆக்கினேன், பி.சி.டி.யை 160, எண்ணிக்கையை 8. எட்டுத் துளையும் 22.5 டிகிரியிலிருந்து வரிசையாகப் போய் நின்றன. நடுத்துளையையும் தடிமனையும் மாற்றி முடித்தபோது வைத்த டீ ஆறவில்லை.

அதையே டெக்டிரா (ஃப்ரீகேடில் தாள் டிராயிங் போடும் பகுதி) பக்கத்துக்குக் கொண்டுபோனால் தாளில் முன்தோற்றம், மேல்தோற்றம் எல்லாம் தானாக வரும். இங்கே ஒன்றைக் கட்டாயம் சரிபாருங்கள். நம் நாட்டு வழக்கம் முதல் கோண முறை, ஐ.டி.ஐ.யில் மனப்பாடம் செய்தோமே, மேல்தோற்றம் கீழே வரும் என்று, அதேதான். அமெரிக்க வழக்கமான மூன்றாம் கோண முறை தேர்வாகியிருந்தால் எல்லாம் இடம் மாறிவிடும். பேட்டர்ன் செய்கிறவர் பழைய ஆள், தாளைத்தான் நம்புவார். மரத்தைச் செதுக்கிய பிறகு சொல்லிப் பயனில்லை.

ஃபியூஷனும் ஆன்ஷேப்பும் பயன்படுத்த ஃப்ரீகேடைவிட எளிது, மழுப்ப மாட்டேன். கற்றுக்கொள்ள மிக நல்லவை. ஆனால் ஃபியூஷனின் இலவச உரிமம் சொந்த உபயோகத்துக்கு மட்டும். திருத்தக்கூடிய நிலையில் பத்து ஃபைல்தான் வைக்க முடியும். ஆன்ஷேப் பிரவுசரிலேயே ஓடும், பழைய கணினிக்கு வரம். ஆனால் அதன் இலவசக் கணக்கில் நீங்கள் வரைவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், வியாபாரத்துக்கும் அனுமதியில்லை. வாடிக்கையாளர் ரகசியமாக வைத்திருக்கும் இம்பெல்லரை (பம்ப்புக்குள் சுழலும் சக்கரம்) அதில் வரைவது அவர் வீட்டுச் சாவியைத் தெருவில் தொங்கவிடுவது மாதிரி.

வீட்டு பிளான் போடுகிறவர்களுக்குச் சுருக்கமாக: 9 இன்ச் சுவர், நாலரை இன்ச் சுவர், கதவு, ஜன்னல் என்று பிளான் போட லிப்ரேகேடோ க்யூகேடோ போதும். வீட்டுக்காரருக்கு உள்ளே நடந்து காட்ட ஸ்வீட் ஹோம் 3டி, அதுவும் இலவசம். சுவரை இழுத்தால் முப்பரிமாணம் தானாக எழும்பும், சமையலறை மேடை எங்கே என்று அம்மாக்கள் உடனே சண்டை போட ஆரம்பித்துவிடுவார்கள். ஸ்கெட்ச்அப் பிரவுசர் பதிப்பு அழகானது, ஆனால் அதன் இலவசக் கணக்கும் தொழிலுக்கு இல்லை.

சோதனையின் கடைசிப் பகுதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வரைந்த ஃபைலை உண்மையாகவே அனுப்ப வேண்டும். நீங்கள் திரையில் பார்ப்பது அவர் திரையில் வருகிறதா என்பதுதான் கேள்வி. லேசர் கடைக்கு அனுப்பும் டி.எக்ஸ்.எஃப்.இல் வெட்டும் கோடு மட்டும் இருக்கட்டும். அளவுக் கோடு, நடுக்கோடு, உங்கள் பெயர் எல்லாம் வேறு லேயரில் போட்டு, அனுப்பும் பிரதியிலிருந்து அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதையும் வெட்டும். ஒரே கோடு ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு முறை இருந்தால் லேசர் இரண்டு முறை ஓடி விளிம்பு கருகும். ஆட்டோகேட் குடும்பத்தில் ‘ஓவர்கில்’ கட்டளை இதை நீக்கும். இல்லாதவற்றில் ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்து அழித்துப் பாருங்கள், கோடு இன்னும் தெரிந்தால் அடியில் இன்னொன்று இருக்கிறது.

அலகுக்கு நான் இப்போது செய்வது இது. ஆர்12-க்குப் பதில் 2000 அல்லது அதற்குப் பிந்தைய டி.எக்ஸ்.எஃப்., அதில் அலகும் சேர்ந்து போகும். டிராயிங் அமைப்பில் மில்லிமீட்டர் என்று இருக்கிறதா என்று முதலிலேயே பார்ப்பேன். ஃபைல் பெயரிலும் ‘165 மி.மீ.’ இருக்கும். ஃபைலை அனுப்பியதும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி: “வெளிவிட்டம் எவ்வளவு காட்டுதுங்க?” அவர் 165 என்று எழுதிய பிறகுதான் வெட்டச் சொல்வேன். போன வாரம் நான் கேட்கும் முன்பே அவரே அனுப்பிவிட்டார்: “அக்கா, 200 காட்டுதுங்க. சிறுவாணி இல்லைங்க.”