கோடைத் திருவிழாவுக்கு ஸ்கெட்ச் புக்கோடு கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் வந்தால் ஸ்கெட்ச் புக்கைப் பையில் போட்டுக்கொண்டு தஞ்சாவூர், புதுக்கோட்டை, செய்யாறு பக்கம் கிளம்பிவிடுவது எனக்குப் பல வருடப் பழக்கம். "இந்த வெயிலில் அங்கே எதற்கு?" என்று எல்லோரும் கேட்பார்கள். மெலட்டூரில் பாகவத மேளா என்கிற இசை நாடகம் நடப்பது இந்த வெயிலில்தான். வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடப்பதும் பங்குனியில் ஆரம்பித்து ஆடி வரைக்குமான இந்த நாட்களில்தான். பாட்டு, நாடகம், ஒப்பனை, மண்சிற்பம் எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். வரைகிறவர்களுக்கு இதைவிட நல்ல பருவம் எனக்குத் தெரியாது. ஆனால் ஆசையாகப் போய்விட்டு வெறும் கையோடு திரும்புகிறவர்கள் நிறைய பேர். நானும் அப்படித் திரும்பியிருக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வருடம் மூன்று நாளில் ஐந்து ஊர் என்று திட்டம் போட்டேன். காலையில் பெரிய கோயில், மதியம் சித்தன்னவாசல், ராத்திரி மெலட்டூர், மறுநாள் வேறு ஊர் என்று ஓடி, வீடு திரும்பியபோது போனில் நூற்றுக்கணக்கான படங்கள் இருந்தன, நோட்டில் பாதி வரைந்த ஒரே ஒரு கோபுரம் இருந்தது. அந்தப் படங்களை இன்றுவரை திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது ஒரு பயணத்துக்கு இரண்டு ஊர்தான், அதில் ஒரு ஊரில் கட்டாயம் ஒரு முழு ராத்திரி.

அதைவிடப் பெரிய தவறு, உச்சக்கட்டத்துக்கு மட்டும் போய் நிற்பது. மெலட்டூரையே எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்கிற சின்ன ஊர். நாயக்கர் காலத்தில் வீடும் நிலமும் கொடுத்துக் குடியேற்றப்பட்ட குடும்பங்களின் வழியாக வந்த நாடகம் இது. தியாகராஜர் காலத்தில் அங்கே வாழ்ந்த வெங்கடராம சாஸ்திரி எழுதிய தெலுங்கு நாடகங்களைத்தான் இன்றும் ஆடுகிறார்கள். பெண் வேடங்கள் உட்பட எல்லாமே ஆண்கள். நரசிம்ம ஜெயந்தி அன்று வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு எதிரே பிரகலாத சரித்திரம் இரவு முழுக்க நடக்கும். விடியும் நேரத்தில் நரசிம்மர் வருவார் என்று கேள்விப்பட்டுச் சிலர் லாட்ஜில் நன்றாகத் தூங்கிவிட்டு அதிகாலையில் கார் எடுத்து வருகிறார்கள். வந்தால் கூட்டத்தின் முதுகுதான் தெரியும்.

அந்த நேரத்தில் அங்கே நடப்பது சாதாரணக் காட்சி இல்லை. நரசிம்மரின் முகமூடி கோயிலில் வைத்துப் பூஜிக்கப்படுவது, அதை அணிகிறவர் விரதம் இருந்து அணிகிறார். ஆவேசம் வந்தவரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள ஆட்கள் நிற்கிறார்கள். இதற்கெல்லாம் அர்த்தம் வருவது, கோணங்கி என்கிற கோமாளி குதித்து வந்ததையும், சின்னப் பையன் யானை முகத்தோடு பிள்ளையாராக வந்ததையும், பிரகலாதனின் அம்மா லீலாவதி தன் பிள்ளைக்காக மணிக்கணக்கில் பாடி அழுததையும் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான். வரைவதற்கும் அந்த நீளமான நடு ராத்திரிதான் நல்லது. பாத்திரங்கள் அவசரப்படாமல் நின்று பாடுவார்கள், ஒரே அபிநயம் திரும்பத் திரும்ப வரும், உங்கள் கைக்கு நேரம் கிடைக்கும்.

தெலுங்கு தெரியாதே என்று தயங்காதீர்கள், ஆனால் கதையைத் தெரிந்துகொள்ளாமல் போகாதீர்கள். கூத்துக்கும் இதேதான். அன்றைய ராத்திரி துகிலுரிதலா, அர்ச்சுனன் தபசா, பதினெட்டாம் போரா என்று தெரியாமல் போய் உட்கார்ந்தால், எந்தக் கணத்துக்குப் பேனாவோடு தயாராக இருக்க வேண்டும் என்றே தெரியாது. அர்ச்சுனன் தபசில் ஆடுகிறவர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார், மேலேயிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் கீழே விழும், பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். மரத்தில் இருப்பவரை எல்லோரும் வரைவார்கள். கீழே அண்ணாந்த முகங்களையும் வரையுங்கள்.

அப்புறம் போன். வேண்டாம் என்று சொல்லவில்லை, முதல் ஒரு மணி நேரம் பைக்குள் இருக்கட்டும். வீடியோ எடுக்கிறபோது கண் திரையைத்தான் பார்க்கிறது, காதும் பாதி மூடிக்கொள்கிறது. நான் செய்வது இதுதான்: ஒரு பாட்டு ஆரம்பித்ததும் பேனாவைத் தாளில் வைத்து, அது முடியும் வரை எடுக்காமல் வரைவேன். படம் சரியாக வராது, பரவாயில்லை, ஆனால் தாளத்தின் வேகம் கோட்டில் இறங்கிவிடும். வாத்தியக்காரர்களில் தொடங்குவது நல்லது. மிருதங்கக்காரரின் தோள், தாளம் போடுகிறவரின் மணிக்கட்டு, முகவீணை ஊதுகிறவரின் கன்னம் எல்லாம் ஒரே அசைவுக்குத் திரும்பித் திரும்பி வரும். ஒரு தடவை விட்டால் அடுத்த சுற்றில் பிடித்துவிடலாம். முகத்தை முதலில் வரைந்து, அதை அழகாக்குவதிலேயே ராத்திரியைக் கழித்துவிடாதீர்கள்.

வெள்ளைத் தாளைக் கொண்டுபோவதும் தவறுதான். ராத்திரி நிகழ்ச்சியில் ஒளி மேடையில் மட்டும் இருக்கும், சுற்றிலும் இருட்டு. பழுப்புத் தாளோ கறுப்புத் தாளோ இருந்தால் ஒரு வெள்ளைப் பென்சிலால் ஒளி விழுகிற இடத்தை மட்டும் தொட்டாலே படம் வந்துவிடும். பகலில் வாட்டர்கலர் உபயோகித்தால் மே மாத வெயிலில் தூரிகையை எடுக்கும் முன் காய்ந்து திட்டாகிவிடுகிறது, நிழலில் உட்கார்ந்து சின்னச் சின்னப் பகுதியாகத் தீட்டுங்கள். கைக்கு அடியில் ஒரு கைக்குட்டை இல்லாவிட்டால் வியர்வையே பாதிப் படத்தைக் கரைத்துவிடும். தலையில் மாட்டும் டார்ச் மட்டும் கூடவே கூடாது, ஆடுகிறவர் கண்ணில் நேராக அடிக்கும்.

பகல் பொழுதுக்கு ஒரு விஷயம். தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் சோழர் ஓவியங்களைப் பார்த்துவிடலாம் என்று நம்பிப் போய் ஏமாறுகிறவர்களைப் பார்க்கிறேன். கருவறையைச் சுற்றிய உள் சுற்றில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்து 1931-இல் தெரியவந்த ஓவியங்கள் அவை. பொதுமக்களைச் சாதாரணமாக அங்கே விடுவதில்லை. மேல் தளத்தில் இருக்கிற, நடன நிலைகளைக் காட்டும் 81 கரணச் சிற்பங்களும் அப்படியே. அதற்காக மனம் உடைந்து வெளியே வந்துவிடாமல், காலை வெயில் விமானத்தில் ஏறுவதை வரையலாம், திருச்சுற்று மாளிகையில் இருக்கும் மராட்டியர் காலத்து ஓவியங்களைப் பார்க்கலாம்.

சித்தன்னவாசலில் தவறு வேறு மாதிரி. உச்சி வெயிலில் பாறை கொதிக்கிற நேரத்தில் போய், குகைக்குள் தலையை விட்டு, "எல்லாம் மங்கிப்போச்சே" என்று ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். வெளி வெளிச்சத்துக்குப் பழகிய கண் உள்ளே தெளியவே சில நிமிடம் ஆகும். காலையிலேயே போய்ப் பொறுமையாக அண்ணாந்து பாருங்கள். தாமரைக்குளம் மெதுவாகத் துலங்கும்: மீன், வாத்து, யானை, எருமை, கையில் தாமரைத் தண்டோடு நிற்கிற மனிதர்கள். தூணில் ஆடும் பெண்ணின் இடுப்பு வளைவை ஒரே கோட்டில் போட்டிருக்கிறார்கள். 9-ஆம் நூற்றாண்டு ஓவியம். நிறம் போன இடத்திலும் அந்தக் கோடு நிற்கிறது. கற்றுக்கொள்ள வேண்டியது அந்தக் கோட்டைத்தான்.

அங்கே வரை போகிறவர்கள் குடுமியான்மலையை விட்டுவிட்டு வருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பாறையில் வரிசை வரிசையாகக் கிரந்த எழுத்தில் ஸ்வரங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். உருத்திராசாரியரின் சீடரான ஓர் அரசர் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று கல்வெட்டே சொல்கிறது. பாட்டைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று கேட்டால் நான் அந்தப் பாறையைத்தான் காட்டுவேன்.

கூத்து நடக்கும் ஊர்களில் ஒப்பனை அறைக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். முதலில் குழுவின் வாத்தியாரைப் பார்த்து, வரைகிறவன் என்று சொல்லி, நோட்டைக் காட்டிக் கேளுங்கள். எனக்கு இதுவரை யாரும் மறுத்ததில்லை. கிரீடம், புஜக்கட்டை எதையும் தொட வேண்டாம். தங்கள் முகத்துக்குத் தாங்களே அரிதாரம் பூசுகிற அந்த ஒன்றிரண்டு மணி நேரம், ஒரு மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகத் துரியோதனனாக மாறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். வரைந்ததை அவர்களிடம் காட்டிவிட்டு வாருங்கள். பின்னால் அந்தப் படம் விற்றால் அவர்களுக்கும் ஒரு பங்கு போக வேண்டும் என்பது என் கருத்து.

செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் பதினெட்டாம் போர் பார்த்துவிட்டு, விடிந்ததும் தூக்கக் கலக்கத்தில் பஸ் ஏறக் கிளம்பினேன். டீக்கடைப் பெரியவர் ஒருவர், "இப்பவே போறியே தம்பி, அங்க துரியோதனனைப் போட்டுக்கிட்டு இருக்காங்க, போய்ப் பாரு" என்றார். போர்க்களத்தில் துரியோதனன் விழுவதை நடித்துக் காட்டும் படுகளத்துக்காகத் தரையில் ஒரு வீட்டைவிட நீளமாக மண்ணில் படுத்த உருவம். நாலைந்து பேர் அதன் மார்பின் மேல் ஏறி நின்று ஈர மண்ணைத் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள், ஒரு சிறுவன் மீசைக்கு வண்ணம் குழைத்துக்கொண்டிருந்தான். இன்னும் சில மணி நேரத்தில் அந்தத் தொடை பிளக்கப்படும், திரௌபதி கூந்தல் முடிவாள், எல்லாம் மண்ணாகிவிடும். அதற்காக இவ்வளவு கவனமாக மீசை வரைகிறார்கள். அன்று வரைந்த பதினோரு பக்கங்கள்தான் என்னிடம் இருப்பதில் மிகவும் நல்லவை.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை மூடி வைத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்குள் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் என்ன பாட்டு, என்ன நேரம், பக்கத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதிவிடுங்கள், ஒரு மாதம் போனால் அது ஞாபகத்தில் இருக்காது. தேதி விஷயத்தில், மெலட்டூருக்கு நரசிம்ம ஜெயந்தியைப் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். கூத்துக்கு ஊருக்கு ஊர் நாள் மாறும். எந்தப் பகலில் என்ன பிரசங்கம், எந்த ராத்திரி என்ன கூத்து என்று ஒரு நீளமான நோட்டீஸ் அச்சடித்து டீக்கடைச் சுவரிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டியிருப்பார்கள். பங்குனி பிறந்ததும் அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது சொல்லி, அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.