கோச்சைத் தூக்கச் சொல்லும் முன் ஒரு நோட்டு போடுங்கள்

உங்கள் பல்கலையின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி சனிக்கிழமை ஆட்டம் தோற்ற ராத்திரியில் கோச்சைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். செவ்வாய்க்கிழமை வரை பொறுங்கள். முதல் வேலை இதுதான். இந்தப் புத்தி எனக்கு வர ஏறக்குறைய இருபது வருஷம் ஆனது.

2001இல் முதுகலை படிக்க நெப்ராஸ்காவின் லிங்கன் நகரத்துக்கு வந்தேன். வந்த கொஞ்ச நாளிலேயே லேபில் கூட வேலை பார்த்த பையன் ஒரு சிவப்புச் சட்டையை மாட்டிவிட்டு எங்கள் பல்கலை அணி விளையாடும் மெமோரியல் ஸ்டேடியத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். 1962இலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட் விற்றுத் தீரும் மைதானம் அது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

2003 நவம்பர் 28 அன்று கொலராடோவை 31-22 என்று ஜெயித்தோம். சீசன் கணக்கு 9 வெற்றி, 3 தோல்வி. மறுநாள் ராத்திரி ஃபிராங்க் சோலிச்சை நீக்கிவிட்டார்கள். 19 சீசன் உதவிக் கோச், 6 சீசன் தலைமைக் கோச்சாக இருந்த மனிதர். நான் கை தட்டினேன். "டாம் ஆஸ்போர்ன் காலத்தில் நாம் இப்படியா இருந்தோம்?" என்று வேறு கேட்டேன். சோலிச்சுக்கு முன் தலைமைக் கோச்சாக இருந்த ஆஸ்போர்ன் ஓய்வு பெற்று நான்கு வருஷம் கழித்து அமெரிக்காவில் இறங்கியவன் நான்! அவருடைய ஒரு ஆட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை.

அடுத்து நடந்தது ஊருக்கே தெரியும். 2004இல் 5-6. 1961க்குப் பிறகு முதல் முறையாக வெற்றியைவிடத் தோல்வி அதிகமான சீசன். அப்போதுதான் ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதி வைக்க நோட்டு போட ஆரம்பித்தேன்.

நோட்டில் வெற்றி தோல்வியை மட்டும் எழுதினால் அது காலண்டர். எப்படித் தோற்றோம் என்பதற்கு ஒரு பத்தி வையுங்கள். போ பெலினி 2008 முதல் 2014 வரை எங்கள் கோச்சாக இருந்தார். ஒரு சீசனில்கூட ஒன்பது வெற்றிக்குக் குறையவில்லை. இதை மட்டும் பார்த்தால் அவரை அனுப்பச் சொன்னவர்களுக்குப் பைத்தியம் என்றுதான் தோன்றும். பக்கத்துப் பத்தியைப் படியுங்கள்: 2012இல் எங்கள் லீக்கான பிக் டென்னின் இறுதி ஆட்டத்தில் விஸ்கான்சினிடம் 70-31. 2014இல் அதே விஸ்கான்சினிடம் 59-24. அந்த ஆட்டத்தில் அவர்கள் வீரர் மெல்வின் கார்டன் ஒருவரே பந்தோடு 408 யார்டு ஓடினார், அதுவும் கடைசி கால் பகுதியான நான்காவது குவார்ட்டரில் களமிறங்காமலே. பெரிய ஆட்டம் வந்தால் டிஃபென்ஸ் உடைகிறது, உடைகிற விதமும் மாறவில்லை. கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். ஒன்பது வெற்றி போதுமா என்ற சண்டை வீண்.

இதற்கு நேர் எதிர், பின்னால் எங்கள் கோச்சாக வந்த ஸ்காட் ஃபிராஸ்ட். 2021இல் 3-9. ஒன்பது தோல்வியும் ஒற்றை இலக்க வித்தியாசத்தில். மொத்தப் புள்ளியைக் கூட்டினால் எதிரணிகளைவிட நாங்கள் 63 அதிகம்! "துரதிர்ஷ்டம், அடுத்த வருஷம் திரும்பிவிடும்" என்று நானே எழுதி வைத்தேன். நெருக்கமான தோல்விகள் பாதி அதிர்ஷ்டம் என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் கடைசி பத்து நிமிஷத்தைத் தனியாகப் பாருங்கள். கிக்கில் கோளாறா, கடிகாரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டார்களா, தேவையில்லாத சாகசமா? ஒரே காரணம் மூன்று முறை வந்தால் அதற்குப் பெயர் அதிர்ஷ்டம் இல்லை, பழக்கம். 2022இல் டப்ளினில் நார்த்வெஸ்டர்னோடு விளையாடியபோது மூன்றாவது குவார்ட்டரில் 28-17 என்று முன்னால் இருந்தோம். அங்கே போய் ஃபிராஸ்ட் ஆன்சைட் கிக் (உதைத்த அணியே பந்தைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கும் குட்டைக் கிக்) அடிக்கச் சொன்னார். பந்து அவர்கள் கையில் போனது. ஆட்டம் 31-28 என்று அவர்களுக்கு முடிந்தது. காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நான் மிக முக்கியம் என்று நினைக்கும் கேள்வி: இந்த மனிதர் கடந்த மூன்று வருஷத்தில் எதையாவது மாற்றியிருக்கிறாரா? நீண்ட நாள் கோச்சுக்கு வயது ஒரு பிரச்சினையே இல்லை. நண்பர்களை உதவியாளர்களாக வைத்துக்கொண்டு, கண்ணெதிரே ஓடாத திட்டத்தையே நான்காவது வருஷமும் ஓட்டுவதுதான் பிரச்சினை. வர்ஜீனியா டெக் பல்கலையில் ஃபிராங்க் பீமர் ஆறாவது சீசனில், 1992இல், 2 வெற்றி, 8 தோல்வி, 1 டிரா என்று முடித்தார். அவரை அனுப்பவில்லை. உதவிக் கோச்சுகள் மாறினார்கள். 1993இலிருந்து 2015இல் ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு வருஷமும், சீசன் முடிவில் நல்ல அணிகளுக்குக் கிடைக்கும் பவுல் ஆட்டத்துக்குப் போனார்கள். அயோவாவில் கர்க் ஃபெரன்ட்ஸ் 1999 முதல் இருக்கிறார். அணியின் தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தது அவர் மகன். ஆட்டத்துக்குச் சராசரியாக 25 புள்ளி எடுக்க வேண்டும் என்று மகனுடைய ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். எட்டவில்லை. 2023 சீசன் நடுவிலேயே, மகன் அடுத்த வருஷம் இல்லை என்று நிர்வாகம் அறிவித்தது. தலைமைக் கோச் இருந்தார், அணியும் பத்து ஆட்டம் ஜெயித்தது. ஆக, கோச்சைத் தூக்குவதற்கும் சும்மா இருப்பதற்கும் நடுவே ஒரு கதவு இருக்கிறது. முதலில் அதைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் சோலிச் அந்தக் கதவைத் தட்டியவர்தான். 2002இல் 7-7 ஆனதும் உதவியாளர்களை மாற்றினார், டிஃபென்ஸுக்குப் புதிதாகப் பெலினியைக் கொண்டுவந்தார். ஏழு வெற்றி ஒன்பதானது. மாற்றம் வேலை செய்ய ஆரம்பித்த வருஷத்தில் அவரை அனுப்பினோம். அதற்குத்தான் நான் கை தட்டியது.

சரி, மாற்றியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறதா? யார் வருவார்? நோட்டில் மூன்று பெயர் எழுதுங்கள். கனவில் வருகிற பெயர்கள் வேண்டாம், கூப்பிட்டால் போனை எடுக்கக்கூடியவர்கள். 2003இல் எங்களுக்கு அப்படி ஒரு பெயர்கூட இல்லை. புதுக் கோச் கிடைக்க 41 நாள் ஆனது. ஜார்ஜியா 2015இல் மார்க் ரிக்ட்டை 9-3 என்ற கணக்கோடுதான் அனுப்பியது, பார்க்க எங்கள் கதை மாதிரியே. ஆனால் அலபாமாவில் டிஃபென்ஸை நடத்திக்கொண்டிருந்த, ஜார்ஜியாவிலேயே விளையாடிய கர்பி ஸ்மார்ட் தயாராக இருந்தார். 2021, 2022 இரண்டு சீசனிலும் தேசியப் பட்டம். டென்னசியோ 1998இல் பட்டம் வாங்கித் தந்த ஃபில் ஃபுல்மரை 2008இல் அனுப்பியது. வந்தவர் ஒரே சீசனில் வேறு பல்கலைக்குப் போய்விட்டார். அடுத்தவர் மூன்று சீசனில் 15-21.

1997 முதல் 2010 வரையான சீசன்களை எடுத்து, கோச் மாற்றிய அணிகளையும் மாற்றாத அணிகளையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2013இல் வந்தது. ரொம்ப மோசமான அணி கோச்சை மாற்றினாலும் பெரிதாக எதுவும் மாறவில்லை, நடுத்தர அணி மாற்றினால் இன்னும் கீழே போனது என்பதே அதன் முடிவு. என் நோட்டும் அதையேதான் சொல்கிறது.

பணத்தையும் பாருங்கள். இது உங்கள் பணம் இல்லை என்று தோன்றும். நன்கொடை கேட்டு போன் வரும்போது தெரியும் யாருடையது என்று. ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம் தேடுங்கள்: நீக்கினால் தர வேண்டிய தொகை எந்தத் தேதியில் குறைகிறது, அவர் வேறு வேலைக்குப் போனால் அந்தச் சம்பளம் கழியுமா. டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2023இல் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது தர வேண்டியிருந்தது சுமார் 7.6 கோடி டாலர், கழிவு எதுவும் கிடையாது. 2025 ஜூலையிலிருந்து விளையாட்டு வீரர்களுக்கே நேரடியாகப் பல்கலை பணம் தரலாம் என்று ஆகிவிட்டது; முதல் வருஷத்துக்கு உச்சவரம்பு மொத்தமாக 2.05 கோடி டாலர். பழைய கோச்சுக்குப் போகும் காசு, தாக்குதலை நடத்தும் நல்ல குவார்ட்டர்பேக்கைப் பிடித்து வைக்கும் காசும்கூட. கோச் போனால் பையன்கள் வேறு பல்கலைக்கு மாற டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுக்கக் கிளம்புவார்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் அதே முடிவுதான் என்றால் பல்கலையின் விளையாட்டுத் துறைத் தலைவரான அத்லெட்டிக் டைரக்டருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். மூன்று ஆட்டம், மூன்று காரணம், வரக்கூடிய ஒருவர் பெயர். திட்டு வேண்டாம்.

நானும் ஒரு முறை எழுதினேன். 2022 செப்டம்பர் 10, சனிக்கிழமை, சொந்த மைதானத்தில் ஜார்ஜியா சதர்னிடம் 45-42 என்று தோற்ற ராத்திரி. ஃபிராஸ்ட் போகத்தான் வேண்டும், ஆனால் அக்டோபர் 1 வரை பொறுத்தால் அவருக்குத் தர வேண்டிய 1.5 கோடி டாலர் பாதியாகிவிடும், மூன்று வாரம்தானே என்று. எழுதி மடித்து வைத்துவிட்டு, என் வழக்கப்படி செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமையே அவரை நீக்கிவிட்டார்கள். கடிதம் இன்னும் நோட்டுக்குள்தான் இருக்கிறது.