தாத்தா கப்பலேறிய கரை: நாகப்பட்டினம் போகும் நம்மவர்களுக்கு

மலேசியாவின் கெடா மாநிலத்தில், எங்கள் பீடோங் வட்டாரத்தில் யாராவது இந்தியாவுக்குப் போகிறோம் என்றால், திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். தி.நகரில் புடவை, மதுரை, பழனி, கடைசியில் வேளாங்கண்ணி. நல்ல பயணம்தான். ஆனால் வேளாங்கண்ணி வரை போய்விட்டு, அங்கிருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டரில் இருக்கும் நாகப்பட்டினக் கடற்கரையில் கால் வைக்காமல் திரும்பியவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. நம் ரப்பர் தோட்டத்துக் குடும்பங்களில் எத்தனையோ பேர் மலாயாவுக்குக் கப்பலேறிய கரை அது.

விசாவுக்கு முன்னால் ஊர்ப்பெயரைத் தேடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் ஊர், பக்கத்து ஊர், குலதெய்வம், அங்கே விட்டுவந்த உறவுகளின் பெயர் எல்லாவற்றையும் கேட்டு, கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். நான் முதல் முறை போனபோது என்னிடம் இருந்தது ‘திருச்சி ஜில்லா’ என்ற இரண்டு சொல்தான். வாடகைக் காரில் இரண்டு நாள் அலைந்து வெறுங்கையோடு வந்தேன். வந்த பிறகுதான் அத்தை வீட்டில் அப்பாயியின் டிரங்குப் பெட்டியைப் பார்த்தேன். பால்மரம் வெட்டப் போகும்போது போட்ட பழைய சட்டைகளை அதில் அடைத்து வைத்திருந்தார்கள். மூடியின் உட்பக்கம், துருவுக்கு நடுவே வெள்ளைச் சாயத்தில் தாத்தாவின் பெயர். அதற்குக் கீழே ஊர்ப்பெயர். அந்த ஊர் இப்போது அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது.

பழைய தாள்களில் உள்ள ஜில்லாப் பெயரை மட்டும் நம்பினால் என்னைப் போலத்தான் அலைய வேண்டியிருக்கும். அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து 1991இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானது. பிறகு 1997இல் திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை என்று பிரித்துவிட்டார்கள். திருச்சியும் அப்படித்தான் கரூர், பெரம்பலூர், அரியலூர் என்று உடைந்தது. எதுவும் தெரியாவிட்டாலும் குலதெய்வத்தின் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்தச் சாமியைக் கும்பிடும் ஊர்கள் எவை என்று விசாரித்தே போய்விடலாம்.

உங்கள் வீட்டார் 1938க்கு முன்னால் வந்தவர்களா, பின்னால் வந்தவர்களா என்றும் கேளுங்கள். ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910இல் முடிந்தது. அதன் பிறகு ஊரில் ஆள் திரட்டிய கங்காணி மூலமாகவும், தோட்ட முதலாளிகள் பணம் கட்டிய குடியேற்ற நிதியின் செலவிலும் ஆட்கள் வந்தார்கள். 1938இல் இந்திய அரசு அப்படித் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குப் பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்தவர்கள்.

நாகப்பட்டினத்தில் கலங்கரை விளக்கத்துப் பக்கம் கடற்கரைக்குப் போங்கள். பெரிய கப்பல்கள் இங்கே கரையை ஒட்டி நின்றதில்லை. கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், ஆட்களைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நம் பெரியவர்கள் வாயில் ஓயாமல் வரும் ரஜூலா என்ற கப்பல் 1926இல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. பிறகு வந்த எம்.வி. சிதம்பரம் 1980களில் தீ விபத்தோடு நின்றுபோனது. காலை வெயில் ஏறுமுன் அந்த மணலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். பினாங்குக்கு எதிரே ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அந்தக் கதையின் மறுமுனை இங்கேதான் இருக்கிறது.

கெடாக்காரர்களுக்கு இந்த ஊரோடு இன்னும் பழைய உறவு உண்டு. கடாரத்தையும் (நம் கெடாவின் பழைய பெயர்) ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மாற விஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். அதற்கு ராஜராஜ சோழன் 1006 வாக்கில் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். அதைச் சொல்வதுதான் ஆனைமங்கலச் செப்பேடு. விகாரத்தின் மிச்சமாக நின்ற கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள், அதனால் அந்த இடத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. அங்கே கிடைத்த புத்தர் படிமங்கள் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். சரி, போவதற்கு முந்திய வாரம் பிள்ளைகளோடு மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். நம் வீட்டுப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பழைய கோயில்களின் கல்மேடைகளைப் பார்த்துவிட்டுப் போனால், அங்கே கடாரம் என்ற பெயர் காதில் விழும்போது பிள்ளைகளுக்குப் புரியும்.

விழா பார்த்துப் போக நினைத்தால், வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. அறைக்கு மிக முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நாகூர் கந்தூரி 14 நாள். பிறைக் கணக்கு என்பதால் ஆண்டுக்கு ஆண்டு சுமார் 11 நாள் முன்னால் தள்ளி வரும். பினாங்கு சூலியா தெருவில் இருக்கும் நாகூர் தர்காவைப் பார்த்தவர்களுக்கு அதன் மூலத்தைப் பார்ப்பது தனி அனுபவம். ஆனிப் பௌர்ணமியில் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. எனக்குப் பிடித்தது மாசி மகம். திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்கு எழுந்தருளும்போது, மீனவர்கள் அவரைத் தங்கள் வீட்டு மாப்பிள்ளையாகவே வரவேற்பார்கள்.

டிசம்பர் 26 அன்று அங்கே இருந்தால் கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள். 2004 ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் குடும்பங்கள் கடலுக்குப் பால் ஊற்ற வரும் நாள் அது. அதே அலைதான் நம் கெடாவின் கோத்தா கோலாமூடாவையும் அடித்தது. அதைச் சொன்னால் அவர்களே உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுவார்கள்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து தஞ்சாவூர், திருவாரூர் வழியாக ரயிலிலோ பஸ்ஸிலோ சுமார் 140 கிலோமீட்டர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, நல்ல மீன் சாப்பிட ஆசைப்பட்டால் அந்த இரண்டு மாதத்தைத் தவிருங்கள். இ-விசாவுக்கு இந்திய அரசின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள்.

அப்புறம், சொந்த ஊருக்கே போய்விட்டால் முதலில் “எந்தத் தெரு?” என்பார்கள். அது சாதியைக் கேட்கும் கேள்வி. நான் பதில் சொல்லாமல், தாத்தாவின் பெயரைச் சொல்லி டிரங்குப் பெட்டியின் படத்தைக் காட்டினேன். கூட்டத்தில் இருந்த ஒரு கிழவி பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “எங்க பெரியப்பா” என்றார். அடுத்து அவர் கேட்டது, “அவரை எங்க அடக்கம் பண்ணீங்க?” என்று. தோட்டத்து இடுகாட்டின் படம் என்னிடம் இல்லை. நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள்.