கப்பலுக்கு ஒயின் எடுத்துப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன உல்லாசக் கப்பல் பயணத்தில் துறைமுக டெர்மினல் வாசலில் டாக்ஸியை விட்டு இறங்கினேன். எனக்கு முன்னால் ஓர் இளம் தம்பதி. போர்ட்டர் அவர்களுடைய பெரிய சூட்கேஸைத் தூக்கி வண்டியில் போட்டதும் உள்ளே ‘ணங்’ என்று ஒரு சத்தம். அந்தப் பெண் கணவரைப் பார்த்து, “பாட்டிலைத் துண்டுல சுத்தித்தானே வச்சீங்க?” என்று கேட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் செய்த அதே தவறு. ஓடிப் போய் விஷயத்தைச் சொன்னேன். போர்ட்டர் பெட்டியை இறக்கித் தந்தார். அவர்கள் நடைபாதையிலேயே அதைத் திறந்து, பாட்டிலை எடுத்துத் தோள்பைக்கு மாற்றிக்கொண்டார்கள். அன்றைக்கு அவசரத்தில் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஷாம்பு பாட்டிலில் ரம்மை ஊற்றி ஒளித்து எடுத்துப் போவதைப் பற்றி எழுதப்போவதில்லை. அது தவறென்று செய்கிறவருக்கே தெரியும். விதிப்படி நடக்க நினைக்கிறவர்களும் மாட்டிக்கொள்கிறார்களே, என் கவலை அவர்களைப் பற்றித்தான்.

பாட்டிலைப் பெரிய பெட்டிக்குள் வைப்பது

ஒயின் அனுமதிக்கும் உல்லாசக் கப்பல் கம்பெனிகளில் கார்னிவல், ராயல் கரீபியன் இரண்டுமே ஒரே மாதிரிதான் சொல்கின்றன: கப்பலேறும் முதல் நாள், கையோடு கொண்டுவரும் பையில். பெரும்பாலானவர்கள் எத்தனை பாட்டில் என்பதைப் படித்துவிட்டு, எந்தப் பையில் என்பதைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் விட்டோம்.

இந்தத் தவறு அஜாக்கிரதையால் மட்டும் வருவதில்லை. விமானத்தில் வந்து கப்பலேறுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான விமான நிலையங்களில் கைப்பைக்குள் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது. அதனால் ஒயின் பாட்டில் செக்-இன் சூட்கேஸுக்குள்தான் போக வேண்டும். சரி, அப்படியே பத்திரமாகச் சுற்றி வைக்கிறோம். விமான நிலையத்தில் பெட்டியை எடுத்து, டாக்ஸியில் ஏற்றி, டெர்மினல் வாசலில் போர்ட்டரிடம் கொடுத்துவிடுகிறோம். நடுவில் பெட்டியைத் திறக்க ஒரு காரணமும் வருவதில்லை. விமானத்துக்குச் சரியாக இருந்த இடம் கப்பலுக்குத் தவறான இடமாகிவிடுகிறது.

போர்ட்டர் வாங்கியதற்கு அப்புறம் நடப்பது நம் கண்ணில் படாது. ஒவ்வொரு பெட்டியும் எக்ஸ்ரே வழியாகப் போகிறது. துணிகளுக்கு நடுவே பாட்டில் தெளிவாகத் தெரியும். உள்ளே இருப்பது ஒயினா விஸ்கியா என்பது தெரியாது. அதனால் பெட்டியைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறார்கள். உரியவர் நேரில் வந்து திறந்து காட்டும்வரை அது கேபினுக்கு வராது. அந்தப் பெட்டிகள் கிடக்கும் அறைக்கு அடிக்கடி கப்பலில் போகிறவர்களிடையே ‘நாட்டி ரூம்’ (குறும்புக்காரர் அறை) என்று பெயர்.

எங்கள் கதை இது. மதியம் ஒரு மணிக்கு ஏறினோம். பக்கத்து கேபின்காரர்களுக்கெல்லாம் நாலு மணிக்கே பெட்டி வந்து கதவோரம் நின்றது. எங்களுக்கு ஒன்று வந்தது, இன்னொன்று வரவில்லை. என் கணவருடைய ரத்த அழுத்த மாத்திரை வராத பெட்டியில். ஆறு மணிக்கு வாடிக்கையாளர் மேசையில் கேட்டபோது “வந்துகொண்டிருக்கும்” என்றார்கள். ஏழரைக்குக் கதவில் ஒரு சீட்டு: கீழ்த்தளத்துக்கு வந்து பெட்டியைத் திறந்து காட்டவும். போனால் அங்கே நீண்ட வரிசை. இஸ்திரிப் பெட்டி கொண்டுவந்தவர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவந்தவர், எங்களைப் போலப் பாட்டில் வைத்தவர்கள்.

எங்கள் முறை வந்தது. பெட்டியின் கீழ்மூலையில் ஜிப் ஓரம் கருஞ்சிவப்பாக ஒரு கோடு. திறந்ததும் புளித்த வாடை. இரண்டு பாட்டிலில் ஒன்று கழுத்தோடு முறிந்திருந்தது. சுற்றியிருந்த துண்டு கொஞ்சம்தான் உறிஞ்சியிருந்தது, மிச்சமெல்லாம் மடித்து வைத்த துணிகளின் ஓரமாக ஓடி, முறையான இரவு விருந்துக்கென்று எடுத்து வந்த அவருடைய வெளிர் சாம்பல் கோட்டின் பாதியை ஊதாவாக்கியிருந்தது. மாத்திரை அட்டை நனைந்திருந்தாலும் நல்லவேளையாக மாத்திரைகள் தப்பின. உடையாத பாட்டிலையாவது கொடுப்பார்கள் என்று நினைத்தேன். கையில் கொண்டு வராததால் அதையும் எடுத்து வைத்துக்கொண்டு, கடைசி நாள்தான் தந்தார்கள்.

கோட்டைக் கப்பலின் சலவைக்குப் போட்டதற்கு அந்த ஒயினின் விலையைவிட அதிகமாகக் கொடுத்தோம். கறை முழுக்கப் போகவில்லை. முதல் மாலை, கப்பல் துறைமுகத்தை விட்டு நகரும் அந்த நேரம், மேல்தளத்தில் நின்று பார்க்க வேண்டிய காட்சி. நாங்கள் கேபின் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பணத்தைவிட அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. டிக்கெட்டோடு வந்த விதிமுறையில் ஒரே வரியில் இருந்தது: ‘கைப்பையில் மட்டும்’.

அதனால் இப்போது நான் செய்வது இதுதான். முடிந்தால் விமானத்தில் ஒயின் கொண்டு போவதே இல்லை, துறைமுக ஊருக்குப் போய் வாங்கிக்கொள்கிறேன். கொண்டு போயே ஆக வேண்டுமென்றால் டாக்ஸியில் ஏறுவதற்கு முன்பே, விமான நிலையத்திலோ ஓட்டல் அறையிலோ, பெட்டியைத் திறந்து பாட்டிலைத் தோள்பைக்கு மாற்றிவிடுகிறேன். காலுறை ஒன்றை பாட்டிலுக்குப் போட்டு, பையில் நிமிர்த்தி வைத்தால் போதும். செக்யூரிட்டியில் கேட்பதற்கு முன் நானே எடுத்துக் காட்டிவிடுவேன், அரை நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். மாத்திரைகளும் இப்போது எப்போதும் கைப்பையில்தான்.

‘ஒரு பாட்டில்’ என்றதும் பெரிய பாட்டிலை எடுப்பது

விதியில் பாட்டில் என்றால் 750 மில்லி. ஒன்றரை லிட்டர் மேக்னம் பாட்டிலை ஒன்றாக யாரும் எண்ண மாட்டார்கள். கார்னிவல், ராயல் கரீபியன், பிரின்சஸ் மூன்றிலும் குடிக்கும் வயது வந்த ஒருவருக்கு 750 மில்லி ஒயினோ ஷாம்பெயினோ ஒன்று என்பதுதான் அடிப்படைக் கணக்கு. பிரின்சஸில் கட்டணம் கட்டினால் கூடுதலாகவும் கொண்டு போகலாம். பிள்ளைகள் பெயரில் பாட்டிலைக் கூட்ட முடியாது. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பலில் குடிக்கும் வயது 21. ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் பல கப்பல்களில் 18. பத்தொன்பது வயது மகனோடு போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முன்பு ராயல் கரீபியனில் கேபினுக்கு இரண்டு என்று இருந்தது, பிறகுதான் ஆளுக்கு ஒன்று என மாறியது. போன முறை போனவர் சொன்னதை நம்பிக் கிளம்பாதீர்கள். கிளம்பும் வாரத்தில் கம்பெனியின் விதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

அட்டைப் பெட்டியில் வரும் ஒயின்

வேண்டாம். சீல் உடையாத கண்ணாடி பாட்டிலே நல்லது.

கார்க்கேஜைக் கணக்கில் சேர்க்காதது

நம் பாட்டிலைச் சாப்பாட்டுக்கூடத்தில் திறந்து ஊற்றித் தருவதற்கு வாங்கும் கட்டணம்தான் கார்க்கேஜ். கார்னிவல், ராயல் கரீபியன் கப்பல்களில் பாட்டிலுக்கு 15 டாலர் என்ற அளவில் இருக்கும். கேபினிலோ பால்கனியிலோ குடித்தால் அங்கே கட்டணம் இல்லை. பத்து டாலர் ஒயினைக் கொண்டுபோய் இரவுச் சாப்பாட்டு மேசையில் திறந்தால் அது இருபத்தைந்து டாலர் ஒயினாகிவிடும். அதற்குக் கப்பலின் பட்டியலிலேயே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாமே. மனதுக்கு நெருக்கமான ஒயின், கல்யாண நாளுக்கென்று வைத்திருந்த பாட்டில் என்றால் மட்டும் மேசைக்குக் கொண்டு போவேன். மிச்சம் இருந்தால் பரிமாறுகிறவர் கேபின் எண்ணை எழுதி எடுத்து வைத்து, மறுநாள் மேசைக்குக் கொண்டுவருவார். அதனால் 750 மில்லியையும் அன்றே குடித்துத் தீர்க்க வேண்டியதில்லை. ஒரு பாட்டிலில் ஐந்து கோப்பை வரும்.

இதில் எல்லாக் கம்பெனியும் ஒன்றில்லை. நார்வீஜியனில் எத்தனை பாட்டில் ஒயின் வேண்டுமானாலும் கொண்டு போகலாம், ஆனால் கேபினில் குடித்தாலும் ஒவ்வொன்றுக்கும் கார்க்கேஜ் உண்டு. பிரின்சஸிலும் ஹாலந்து அமெரிக்காவிலும் முதல் பாட்டிலைக் கேபினில் வைத்துக் குடித்தால் கட்டணமில்லை, கூடுதல் பாட்டில்களுக்கு உண்டு. வைகிங்கில் கொண்டுபோவதற்குத் தடையும் இல்லை, கார்க்கேஜும் இல்லை. டிஸ்னி இன்னொரு மாதிரி: ஒயின் இரண்டு பாட்டில் அல்லது பீர் ஆறு, அதுவும் முதல் நாள் மட்டுமின்றி ஒவ்வொரு துறைமுகத்திலும். மற்ற பெரும்பாலான கப்பல்களில் பீருக்கு இடமே இல்லை. ஒரு கப்பலில் பழகிய கணக்கை இன்னொன்றில் போட்டுப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

தண்ணீரும் குளிர்பானமும்

ஒயினைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டில் கட்டோடு வந்து நிற்கிறவர்கள் உண்டு. கார்னிவல் 2015 முதல் பாட்டில் தண்ணீரையும் பாட்டில் குளிர்பானத்தையும் அனுமதிப்பதில்லை. அந்தப் பாட்டில்களில் சிலர் மதுவைக் கடத்தியதுதான் காரணம். கேனிலோ அட்டைப் பெட்டியிலோ வரும் குளிர்பானம், ஜூஸ், பால் என்றால் ஆளுக்கு 12 வரை, ஒவ்வொன்றும் 355 மில்லிக்குள். ராயல் கரீபியனிலும் 12தான், அளவு 500 மில்லி வரை. இவையும் கையோடுதான்.

குடிக்கத் தண்ணீர் கிடைக்காதோ என்று பயந்து சுமக்கவே தேவையில்லை. கடல்நீரை ஆவியாக்கியோ நுண்வடிகட்டி வழியாகச் செலுத்தியோ கப்பலிலேயே நல்ல தண்ணீர் தயாரிக்கிறார்கள். வெறும் பாட்டில் ஒன்றைக் கொண்டு போனால் போதும்.

கார்க் திருகி

கத்தி முனை உள்ளதைக் கைப்பையில் போட்டால் விமானப் பாதுகாப்பில் பிடுங்கிக்கொள்வார்கள். திருகு மூடி ஒயினை வாங்குங்கள்.

கேபின் குளிர்பெட்டியை நம்புவது

அது பெரும்பாலும் லேசாகக் குளிர்விக்கும் பெட்டிதான். ஷாம்பெயினுக்குப் போதாது. கேபின் உதவியாளரிடம் ஐஸ் வாளி கேளுங்கள், சந்தோஷமாகக் கொண்டுவந்து வைப்பார்.

கடைசி இரவை மறப்பது

இடையில் இறங்கும் ஊர்களில் வாங்கும் மது பெரும்பாலான கப்பல்களில் நம் கையில் இருக்காது. ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு சீட்டு ஒன்று தருவார்கள், கடைசி இரவோ இறங்கும் நாள் காலையோ திருப்பித் தருவார்கள். அந்தச் சீட்டைத் தொலைக்காதீர்கள், கேபின் அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

சிக்கல் இதற்கு அப்புறம்தான். கடைசி இரவு பெரிய பெட்டிகளைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். பெட்டி போய்விடும், பாட்டில் கைக்கு வரும்போது அதை வைக்க இடமிருக்காது. நேரே விமான நிலையம் போகிறவர் என்றால் கைப்பையில் கொண்டு போகவும் முடியாது. இதற்காகவே நான் ஒரு பெட்டியை வெளியே வைக்காமல் நானே இழுத்துக்கொண்டு இறங்குவேன். அது முடியாதவர்கள் மறுநாள் டெர்மினல் கூடத்தில் தங்கள் பெட்டியைத் தேடி எடுத்து, அங்கேயே ஓரமாகத் திறந்து, அழுக்குத் துணிகளுக்கு நடுவில் பாட்டிலைப் புதைத்துவிட வேண்டும். ஒரு பழைய துண்டும் இரண்டு பிளாஸ்டிக் உறையும் கைப்பையில் இருந்தால் அந்த நேரத்தில் பெரிய உதவி.

கரீபியன் தீவுகளில் ரம் வாங்குகிறவர்கள் லேபிளில் உள்ள சதவீதத்தைப் பார்த்து வாங்குங்கள். 24 முதல் 70 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ளதை விமானத்தின் செக்-இன் பெட்டியில் ஆளுக்கு 5 லிட்டர் கொண்டு போகலாம். 70 சதவீதத்தைத் தாண்டியது எந்தப் பெட்டியிலும் ஏறாது. ‘151’ என்று போட்டு விற்கும் ரம்மில் 75.5 சதவீதம் இருக்கும்.