இளைத்த குதிரைக்கு எடை ஏற்றுவது எப்படி?

விலா எலும்பு எண்ணும்படி ஒரு குதிரை நின்றால், பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற வைத்தியம் ஒன்றுதான்: "கொள்ளைக் கூட்டிப் போடுங்க." ஆனால் கொள்ளில் 22 சதவீதத்துக்குப் பக்கத்தில் புரதம் இருக்கிறது, கொழுப்பு ஒரு சதவீதம்கூடத் தேறாது. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று மனிதனுக்குச் சொன்ன கணக்கு குதிரைக்கும் ஏறக்குறையப் பொருந்துகிறது. எடை ஏற முதலில் வேண்டியது வயிறு நிறைய நார்த்தீவனம், அதாவது புல்லும் கொடியும். அடுத்து எண்ணெய். தானியமும் கொள்ளும் அதற்குப் பிறகுதான்.

அந்தியூர் சந்தையில் ஆடி மாதம் வாங்கி வந்த குதிரையானாலும், பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் (பந்தய இனக் குதிரை) ஆனாலும், வந்த அன்றைக்கே தீவனத்தை மாற்றாதீர்கள். முதலில் அளந்து எழுதி வையுங்கள்.

அளவு எடுக்கும் முறை

தையல்காரர் டேப் போதும். முன்னங்கால் முழங்கைக்குச் சற்றுப் பின்னால், திமிலுக்கு (கழுத்தும் முதுகும் சேரும் மேடு) பின்புறமாகச் சுற்றி நெஞ்சுச் சுற்றளவை எடுங்கள். பிறகு தோள்பட்டையின் முன்முனையிலிருந்து பிட்டத்தின் பின்முனை வரை நீளம். எல்லாம் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 165, நீளம் 150 என்றால் ஏறக்குறைய 344 கிலோ. பத்து இருபது கிலோ முன்பின்னாக இருக்கலாம், பரவாயில்லை. ஒரே ஆள், ஒரே நேரத்தில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெளிவாகத் தெரியும். தினம் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது.

அடுத்து கையால் தடவிப் பார்க்க வேண்டும். 1983-இல் ஹென்னெக் என்ற ஆய்வாளர் வகுத்த 1 முதல் 9 வரையிலான உடல்நிலை மதிப்பெண்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கழுத்து, திமில், தோளுக்குப் பின்புறம், விலா, இடுப்பு முதுகு, வாலடி ஆகிய ஆறு இடங்களைப் பார்க்க வேண்டும். விலா கண்ணுக்குத் தெரியாமல், கைக்கு எளிதாகத் தட்டுப்பட்டால் 5. விலா தெளிவாகத் தெரிந்து, வாலடி எலும்பு துருத்திக்கொண்டிருந்தால் 3. எலும்பும் தோலுமாக இருந்தால் 1. பெரிய குதிரைக்கு ஒரு மதிப்பெண் ஏற 16 முதல் 20 கிலோ வரை எடை கூட வேண்டும். நல்ல தீவனத்தில் அதற்கு இரண்டு மாதம் ஆகும். 'ஒரே மாதத்தில் கொழுக்க வைக்கும்' பொடி எதையும் நம்ப வேண்டாம்.

வயிற்றைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். முதுகெலும்பு துருத்தி, பின்தொடை வற்றி, வயிறு மட்டும் தொங்கினால் அது கொழுப்பு இல்லை. சத்தில்லாத வைக்கோலும் தடித்த தட்டும் குடலில் தங்கிப் புளித்து உப்பியிருக்கிறது, அல்லது குடற்புழு. அந்தக் குதிரைக்குத் தீவனத்தைக் குறைப்பது பட்டினி போடுவதாகும்.

ஏன் இளைத்தது?

பல்லிலிருந்து தொடங்குங்கள். குதிரையின் பல் வாழ்நாள் முழுக்க வெளியே வந்துகொண்டே இருக்கும், அரைக்க அரைக்கத் தேயும். மேல்தாடையில் கன்னப் பக்கமும் கீழ்தாடையில் நாக்குப் பக்கமும் கூர்முனைகள் உண்டாகிப் புண்ணாக்கும். புல்லைப் பாதி மென்று உருண்டையாகத் துப்புவது, தலையைச் சாய்த்து மெல்லுவது, சாணத்தில் முழுத் தானியம் கிடப்பது எல்லாம் இதன் அடையாளங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கால்நடை மருத்துவரை வைத்துப் பல் அராவ வேண்டும். 15 வயதைத் தாண்டியதற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பல் கெட்ட குதிரைக்கு எத்தனை கிலோ ஓட்ஸ் போட்டாலும் சாணத்தோடுதான் போகும்.

குடற்புழுவுக்கு மருந்து வாங்கி ஊற்றுவதற்கு முன் சாணத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்து முட்டை எண்ணிக்கை பாருங்கள். சிறு ஸ்ட்ராங்கைல் புழுக்களில் பென்பென்டசோல் என்ற புழு மருந்துக்கு அடங்காதவை உலகெங்கும் பெருகிவிட்டன. எந்த மருந்து, எவ்வளவு என்பதை எடையைச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். எடையைக் குறைத்து மதிப்பிட்டுக் கொடுத்த மருந்து புழுவுக்குப் பழக்கப்பட்டுப்போகும்.

நம் ஊரில் மறக்கக் கூடாதது சர்ரா. மாட்டு ஈ கடித்துப் பரவும் இந்த ரத்த ஒட்டுண்ணி நோயில் குதிரை நன்றாகவே தின்னும், ஆனால் இளைத்துக்கொண்டே போகும். காய்ச்சல் விட்டு விட்டு வரும், ஈறும் கண் உட்புறமும் வெளுக்கும், அடிவயிற்றிலும் காலிலும் நீர் கோக்கும். உண்ணி மூலம் வரும் பைரோபிளாஸ்மோசிசும் இப்படித்தான் உருக்கும். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. தின்கிற குதிரை இளைத்தால் முதல் வாரத்திலேயே அதைச் செய்துவிடுங்கள்.

பந்தயத்திலிருந்து வந்த குதிரை தானியத்தை முகர்ந்துவிட்டுப் பாதியில் விலகினால், இரைப்பைப் புண்ணைச் சந்தேகியுங்கள். குதிரையின் இரைப்பையில் அமிலம் நாள் முழுக்கச் சுரக்கும். வாயில் புல் இல்லாத ஒவ்வொரு மணி நேரமும் அது சுவரை அரிக்கிறது. மருந்து கொடுத்தாலும் புல் இடைவிடாமல் கிடைக்காவிட்டால் புண் திரும்பி வரும்.

கடைசியாக, பக்கத்தில் கட்டியிருக்கும் குதிரை விரட்டித் தின்கிறதா என்று அரை மணி நேரம் நின்று பாருங்கள். விரட்டினால், தனியாகக் கட்டிப் போட்டாலே சில குதிரைகள் தேறிவிடும்.

நார்த்தீவனம்

இப்போதைய எடைக்கு இல்லாமல், வந்து சேர வேண்டிய எடைக்குத் தீவனம் கணக்கிடுங்கள். 350 கிலோ குதிரை 400-க்கு வர வேண்டும் என்றால், 400-இல் 2 முதல் 2.5 சதவீதம், அதாவது நாளைக்கு 8 முதல் 10 கிலோ உலர்பொருள் (தண்ணீர் நீங்கிய எடை) உள்ளே போக வேண்டும். அதில் குறைந்தது 6 கிலோ நார்த்தீவனம்.

உலர்பொருள் என்ற இடத்தில்தான் கணக்கு தப்புகிறது. பசுந்தீவனத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 20 கிலோ கட்டுப் புல் போட்டேன் என்றால் உள்ளே போனது 4 கிலோதான். பசும்புல்லை மட்டும் நம்பி நிற்கும் குதிரைகள் வயிறு நிறைந்தும் இளைப்பதற்குக் காரணம் இதுவே.

காய்ந்த அருகம்புல் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. கடலைக்கொடி சத்தானது, குதிரை விரும்பித் தின்னும். ஆனால் வேரோடு பிடுங்கிய கொடியில் மண் ஒட்டியிருக்கும். தரையில் அடித்து உதறி, பூஞ்சை வாடை இருந்தால் தூக்கி எறிய வேண்டும். குடலில் மணல் சேர்ந்தால் வயிற்று வலி வரும், எடையும் ஏறாது. சாணத்தில் ஒரு கைப்பிடியைக் கண்ணாடிப் புட்டியில் தண்ணீரோடு கரைத்துக் கால் மணி நேரம் வைத்தால் அடியில் மணல் படிவது தெரியும். நெல் வைக்கோல் படுக்கைக்குத்தான். இளம் சோளப் பயிரும் மறுதாம்புச் (அறுத்த பின் தழைத்த) சோளமும் பச்சையாகக் கூடவே கூடாது, அவற்றில் சயனைடு நஞ்சு இருக்கும்.

கம்பு நேப்பியர் (கோ-4, சூப்பர் நேப்பியர்) எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறது. மாட்டுக்கு நல்லது. குதிரைக்கு அதுவே முழுத் தீவனமானால் வம்பு, ஏனென்றால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டின் முதல் வயிற்றில் அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. குதிரையின் சிறுகுடலுக்கு அந்த வசதி இல்லை. மாதக்கணக்கில் போனால் உடல் எலும்பிலிருந்து சுண்ணாம்பை இழுக்கும், முகத்தெலும்பு வீங்கும், நொண்டும். கொழுக்கட்டைப் புல்லிலும் இதே சிக்கல் உண்டு. இந்தப் புற்கள் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, கூடவே குதிரை மசாலை (லூசர்ன் என்னும் தீவனப் பயிர்) சேருங்கள். மசாலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, புரதமும் உண்டு. நாளைக்கு 10 கிலோ பச்சை மசால் (2 கிலோ உலர்பொருள்) போதும். முதல் நாள் ஒரு கிலோவில் தொடங்கிப் பத்து நாளில் அங்கே போய்ச் சேருங்கள். திடீரென்று கொட்டினால் கழியும், உப்பும்.

கோதுமைத் தவிட்டிலும் இதே சுண்ணாம்புத் தகராறுதான். அதில் பாஸ்பரஸ் சுண்ணாம்பைப் போல எட்டு ஒன்பது மடங்கு. வாளி வாளியாகத் தவிட்டைக் கரைத்து ஊற்றுவது பழைய வழக்கம், நல்ல வழக்கம் இல்லை. அரை கிலோவுக்கு மேல் வேண்டாம்.

எண்ணெய்

குதிரைக்குப் பித்தப்பை கிடையாது, அதனால் எண்ணெய் செரிக்காது என்பார்கள். பித்தம் சொட்டிக்கொண்டேதான் இருக்கிறது. மூன்று நான்கு வாரம் பழக்கினால் நன்றாகவே செரிக்கும். 250 மி.லி. எண்ணெய் சுமார் 2,000 கிலோகலோரி. அதே சக்திக்கு முக்கால் கிலோ அளவுக்கு ஓட்ஸ் வேண்டும். எண்ணெயில் மாவுச்சத்து இல்லை என்பதால் வயிறு கெடாது, துள்ளலும் ஏறாது.

30 மி.லி.யில் தொடங்குங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை 30 மி.லி. கூட்டி, 250-இல் நிறுத்துங்கள். கடலை எண்ணெய், சூரியகாந்தி, தவிட்டு எண்ணெய் எதுவானாலும் சரி. நல்லெண்ணெய் விலைக்குக் கட்டுப்படியாகாது. பொரித்து மிஞ்சியதும் காறல் வாடை அடிப்பதும் வேண்டாம். எண்ணெய் கூடினால் வைட்டமின் ஈ தேவையும் கூடும். பச்சை மசால் ஓரளவு ஈடுகட்டும், காய்ந்த தீவனம் மட்டும் தின்கிற குதிரைக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். சாணம் இளகிப் பளபளத்தால் ஒரு படி பின்வாங்குங்கள்.

அரிசித் தவிடு வாங்கினால் எண்ணெய் எடுத்ததா எடுக்காததா என்று கேளுங்கள். எடுக்காததில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் உண்டு, ஆனால் சில நாளில் காறிவிடும். எடுத்ததில் ஒன்றும் இல்லை. முட்டையும் நெய்யும் கொடுப்பவர்கள் உண்டு. கெடுதல் இல்லை, ஆனால் ஒரு முட்டையில் 70 கிலோகலோரி, 400 கிலோ குதிரை சும்மா நிற்கவே நாளைக்கு 13,000 வேண்டும். மீதியை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

தானியமும் கொள்ளும்

ஓட்ஸ் முதல் தேர்வு. அதன் மாவுச்சத்து சிறுகுடலிலேயே செரித்துவிடும். மக்காச்சோளம் உடைத்து வேகவைக்காமல் கூடாது, பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் குதிரையின் மூளையையே அரித்துக் கொல்லும். கொள்ளை 8 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, விரலில் நசுங்கும்வரை வேகவையுங்கள். பச்சைக் கொள்ளில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. கோடையில் ஊறல் புளித்த வாடை அடித்தால் போடாதீர்கள். காய்ந்த எடையில் அரை கிலோ போதும். லாயத்தில் அமோனியா நெடி கண்ணை எரித்தால் புரதம் மிஞ்சிச் சிறுநீரில் போகிறது என்று பொருள்.

இரைப்பை சிறியது. ஒரு வேளைக்குத் தானியம் ஒரு கிலோவைத் தாண்ட வேண்டாம். செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போனால் அங்கே அமிலம் பெருகி, வயிற்று வலியும் குளம்பு அழற்சியும் வரும். எடை ஏற்றப் போய்க் குதிரையை நொண்டியாக்குவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

400 கிலோ இலக்குக்கான ஒரு நாள் அளவு: காய்ந்த புல் அல்லது கடலைக்கொடி 5.5 கிலோ, பச்சை மசால் 10 கிலோ, ஓட்ஸ் 1.5 கிலோ, கொள்ளு அரை கிலோ, எண்ணெய் 250 மி.லி., உப்பு 40 கிராம், குதிரைக்கான தாது உப்புக் கலவை பொட்டலத்தில் சொன்னபடி. தானியத்தை மூன்று வேளையாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் புல் தின்ற பிறகே வையுங்கள். காய்ந்த புல்லில் பாதியை இரவுக்கு ஒதுக்குங்கள், வெயிலில் குதிரை சரியாகத் தின்னாது. தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். கோடையில் 40 லிட்டரைத் தாண்டிக் குடிக்கும், தொட்டி சூடானால் குடிப்பது குறையும், கூடவே தின்பதும் குறையும்.

கோழித் தீவனத்தை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். அதில் சேர்க்கும் மோனென்சின், சாலினோமைசின் கொஞ்சமே போனாலும் குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

எலும்பும் தோலுமான குதிரை

மதிப்பெண் 1-இல் நிற்கும் குதிரைக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. நீண்ட பட்டினிக்குப் பிறகு தானியம் போட்டால் இன்சுலின் எகிறி, ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் மக்னீசியமும் பொட்டாசியமும் செல்லுக்குள் ஓடிவிடும். தேறுவதுபோல் தெரிந்த குதிரை மூன்று முதல் ஐந்து நாளில் செத்துப்போகும். மருத்துவர் கண்காணிப்பில், முதல் மூன்று நாள் காய்ந்த மசால் மட்டும், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை கிலோ. இரவும் எழுந்து கொடுக்க வேண்டும். பிறகு மெல்லக் கூட்டி ஆறாம் நாளில் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 2 கிலோ. பத்து நாளுக்குப் பிறகு தின்கிற அளவுக்கு. தானியமும் எண்ணெயும் அதுவரை இல்லவே இல்லை.

மற்றக் குதிரைகளில், பல்லும் புழுவும் ரத்தமும் சரியாக இருந்து, ஆறு வாரத்தில் டேப் அசையவில்லை என்றால் கல்லீரல், சிறுநீரகச் சோதனைக்குப் போங்கள். மதிப்பெண் 5-ஐத் தொட்டதும் முதலில் தானியத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை கால் கிலோ வீதம் குறையுங்கள், அடுத்து எண்ணெயை. காய்ந்த புல்லில் கை வைக்காதீர்கள்.