பையருக்கு மெயில் போடறப்ப திருப்பூர் மெர்ச்சன்டைசருங்க பண்ற தப்புகள்

பனியன் கம்பெனில பையர்கிட்ட, அதாவது வெளிநாட்டுல இருந்து ஆர்டர் குடுக்கறவர்கிட்ட, பேசி ஆர்டர முடிச்சுக் குடுக்கறவங்கதான் மெர்ச்சன்டைசர். புதுசா வேலைக்கு சேர்ற மெர்ச்சன்டைசர் பசங்க எல்லாருக்கும் இங்கிலீஷ் சரியா வரலையேன்னுதான் பயம். எனக்குத் தெரிஞ்சு கிராமர் தப்புனால எந்த ஆர்டரும் கேன்சல் ஆனதில்லைங்க, ஹாம்பர்க்ல உக்காந்திருக்கற பையருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி கிடையாது, சின்ன சின்ன வாக்கியமா எழுதுனா அவருக்கும் நிம்மதி. நமக்கு வர வேண்டிய பணத்துல இவ்வளவு பிடிச்சுக்கறேன்னு பையர் அனுப்பற டெபிட் நோட் வர்றதெல்லாம் வேற காரணத்தால.

இருக்கறதுலயே பெரிய தப்பு, கெட்ட சேதிய அமுக்கி வெக்கறது. டையிங்ல (சாயம் போடறதுல) கேட்ட ஷேட் வரல, துணி மறுபடி டையிங் போகுது, ஒரு வாரம் தள்ளும்னு ஃபேக்டரில வாட்ச்மேனுக்குக் கூட தெரியும், ஆனா பையர் "டேட்டுக்கு ஷிப்மென்ட் ஆயிடுமா"ன்னு கேட்டா "வி ஆர் ட்ரையிங் அவர் பெஸ்ட்"னு ஒரு பதில். அவர் அத ஆமான்னு எடுத்துக்கிட்டு கடைங்களுக்கு தேதி குடுத்துடுவார், கடைசி வாரத்துல நீங்க உண்மைய சொல்றப்ப கப்பல்ல அனுப்ப நேரம் இருக்காது, ஏர்ல அனுப்பு, செலவு உன்னோடதுன்னு வரும். மூணு வாரம் முன்னாடியே சொல்லியிருந்தா பாதி சரக்க முதல்ல வாங்கிக்கறேன்னு சொல்லியிருப்பாரோ என்னவோ. மெயில் முழுக்க சார் சார்னு பணிவா எழுதிட்டு லேட்டாகறத மறைச்சா அதுல என்னங்க மரியாதை இருக்கு? "இந்த ஸ்டைல்ல நேவி கலர் மட்டும் 6 நாள் லேட், மத்த ரெண்டு கலர் டேட்டுக்கு ரெடி, பார்ட் ஷிப்மென்ட் பண்ணட்டுமா, வியாழக்கிழமைக்குள்ள சொன்னீங்கன்னா புக்கிங் போட்டுடுவோம்", இவ்வளவு போதும். என்ன ஆச்சு, புது தேதி என்ன, அவர் என்ன முடிவெடுக்கணும், எல்லாம் இதுலயே வந்துருச்சு பாருங்க.

அடுத்தது "நோட்டட் வித் தேங்க்ஸ்". பையர் நாலு கேள்வி கேட்டிருப்பார், லேப் டிப் (கலர் சரியான்னு பாக்க சாயம் போட்ட சின்ன துணி) எப்ப வரும், பிபி சாம்பிள் (மொத்தமா தைக்கறதுக்கு முன்னாடி அனுப்பற சாம்பிள்) கூரியர் நம்பர் என்ன, வாஷ் கேர் லேபிள் மாத்தியாச்சா, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம்ங்கறது) ஏன் கம்மியா வந்துச்சுன்னு. நம்ம ஆளு கூரியர் நம்பர மட்டும் குடுத்துட்டு மத்த மூணுக்கும் சேத்து நோட்டட்னு போட்டுடுவார். கேள்விக்கு நேர் கீழ பதில் எழுதுங்க, தெரியலைன்னா "நாளைக்கு சாயங்காலம் சொல்றேன்"னு எழுதுங்க, அதுவும் பதில்தான். ஆனா நம்ம சாயங்காலம் 6 மணின்னா ஜெர்மனில கோடைல மதியம் 2.30, குளிர்காலத்துல 1.30, அதனால யாரோட சாயங்காலம்னு சேத்தே சொல்லிடுங்க.

தேதியும் நம்பரும்தான் ரொம்ப சிக்கல். 05/06ன்னு எழுதுனா ஐரோப்பாக்காரருக்கு ஜூன் 5, அமெரிக்காக்காரருக்கு மே 6. மாசத்த எழுத்துல போட்டா தீர்ந்துச்சு. ஜெர்மன்காரங்க புள்ளியையும் கமாவையும் நமக்கு நேர்மாறா போடுவாங்க, 2.500 பீஸ்னா ரெண்டாயிரத்து ஐநூறு, 2,35 யூரோன்னா ரெண்டு யூரோ 35 சென்ட், இது தெரியாம குவான்டிட்டிய படிச்சுட்டு முழிக்கறவங்க இருக்காங்க. அப்புறம் சிடபிள்யூ 38 (காலண்டர் வீக், வருஷத்தோட 38வது வாரம்)ன்னு வார நம்பர்ல டெலிவரி கேப்பாங்க, காலண்டர பாத்து "2026 செப்டம்பர் 14ல இருந்து 20"ன்னு நீங்களே எழுதி கன்ஃபர்ம் வாங்குங்க, அது சரக்கு ஃபேக்டரில இருந்து கிளம்பற தேதியா தூத்துக்குடில கப்பல் ஏறற தேதியான்னும் கேட்டுடுங்க, பாதி சண்டை இங்கதான் ஆரம்பிக்குது.

சப்ஜெக்ட்ல "அர்ஜென்ட்"னு மட்டும் போடாதீங்க, ஸ்டைல் நம்பர், பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பர், என்ன வேணும், அவ்வளவுதான். பழைய சாம்பிள் மெயிலுக்கே ரிப்ளை அடிச்சு புது ஆர்டர் பேசுனா ஆறு மாசம் கழிச்சு அத தேடவே முடியாது.

ஃபார்வர்ட் பண்றப்ப கீழ வரைக்கும் உருட்டிப் பாருங்க. நிட்டிங் ரேட், டையிங் ரேட், நம்ம மார்ஜின், முதலாளி அந்த பையரப் பத்தி எழுதுன ரெண்டு வார்த்தை, எல்லாம் கீழ தொங்கிட்டு இருக்கும், அப்படியே பையருக்குப் போச்சுன்னா அடுத்த சீசன் விலை பேசறப்ப தெரியும் சேதி. ஜிமெயில்ல அனுப்புனத திரும்ப எடுக்கற நேரம் 5 செகண்ட்ல இருந்து 30 செகண்ட் வரைக்கும் வெச்சுக்கலாம், 30 வெச்சுக்கோங்க. 

சிசி போடறதுலயும் நம்மாளுங்க ஒரு வேலை பண்ணுவாங்க, ரெண்டு நாள் பதில் வரலைன்னா பையரோட மேனேஜர சிசில இழுத்து விடறது. மொதல்ல அவர் லீவான்னு பாருங்க. ஆகஸ்ட்ல அங்க நெறைய பேர் லீவுல போயிடுவாங்க, ஆட்டோ ரிப்ளைல யார கேக்கணும்னு பேரே இருக்கும், அத படிக்காம ரிமைண்டர் 1, ரிமைண்டர் 2ன்னு செவப்பு எழுத்துல அடிச்சுட்டு இருந்தா யாரு பாப்பாங்க? நம்ம லீவும் அதே மாதிரிதான், தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆளுங்க திரும்பி வந்து லைன் முழுசா ஓட நாளாகும்னு அவருக்கு எப்படித் தெரியும், ஆர்டர் பேசறப்பவே எழுதிடுங்க.

பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சுன்னு யார் பேர்ல மெயில் வந்தாலும் அதுக்கு ரிப்ளை போட்டு கேக்காதீங்க, ஏமாத்தறவனேதான் "ஆமா மாறிடுச்சு"ன்னு பதிலும் போடுவான். ஏற்கனவே உங்ககிட்ட இருக்கற நம்பருக்கு போன் அடிச்சு கேளுங்க, அந்த மெயில்ல இருக்கற நம்பருக்கு இல்ல.