வன்னியில் முதல் 20 கிலோமீட்டர்: காற்றைப் பார்த்துச் சைக்கிள் ஓடுவது எப்படி?

வன்னியில் மலை கிடையாது. கனகராயன் ஆற்றுப் படுகை வயலும் குளமும் வாய்க்காலுமாகத் தட்டையாகவே கிடக்கிறது. ஏற்றமே இல்லாத ஊரில் சைக்கிள் ஓட என்ன பழக வேண்டியிருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: காற்று. நம் ஊரில் மலையின் வேலையைக் காற்றுதான் செய்கிறது.

அதை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஓர் ஆடி மாதக் காலையில் கிளிநொச்சியிலிருந்து கிழக்கே வட்டக்கச்சிப் பக்கம் புறப்பட்டேன். சைக்கிள் தானாக ஓடுவது போல் இருந்தது. கால் நன்றாகப் பழகிவிட்டது என்று நம்பி இராமநாதபுரம் வரை போய்விட்டேன். திரும்பும்போது பத்து மணி. முதுகில் இருந்த சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, இப்போது முகத்தில் அடித்தது. தண்ணீரும் முடிந்துவிட்டது. வழியில் ஒரு வீட்டுப் படலையில் நின்ற அம்மா கூப்பிட்டு மோர் தந்திராவிட்டால் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வீடு வந்திருப்பேன். புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் படி: இருக்கும் சைக்கிளைச் சரிசெய்யுங்கள்

புதுச் சைக்கிள் வாங்க ஓடாதீர்கள். 1990களில் பொருளாதாரத் தடையால் எரிபொருள் கிடைக்காத ஆண்டுகளில் விறகும் நெல்லும் நோயாளரும் வன்னியில் சைக்கிளில்தான் போனார்கள். வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் 28 அங்குலச் சைக்கிளே தொடங்குவதற்குப் போதும்.

முதலில் சீற்றின் உயரத்தைப் பாருங்கள். நம்மில் பெரும்பாலானோர் இரண்டு காலும் நிலத்தில் ஊன்றும்படி சீற்றைத் தாழ்த்தி வைத்திருக்கிறோம். கடைக்குப் போக அது சரி. ஒரு மணி நேரம் மிதித்தால் முழங்கால் வலிக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு சீற்றில் உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிக்காலை அதில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முழங்கால் சிறிதளவு மடியும். அதுதான் சரியான உயரம். நிற்கும்போது சீற்றிலிருந்து முன்னால் இறங்கி நில்லுங்கள். இரண்டு மூன்று நாளில் பழகிவிடும்.

அடுத்து காற்று. ரயரின் பக்கத்திலேயே எவ்வளவு அடிக்கலாம் என்று பொறித்திருக்கும். அதைப் பார்த்து அடியுங்கள். காற்றுக் குறைந்த ரயர் ஒவ்வொரு மிதியிலும் உங்கள் பலத்தை உறிஞ்சும். செயினுக்கு சைக்கிள் எண்ணெய் அல்லது தையல் இயந்திர எண்ணெய் விடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது பிசுபிசுத்து மண்ணைச் சேர்க்கும். எண்ணெய் விட்டபின் பழந்துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள், கிரவல் புழுதி ஒட்டாது. இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா என்று முற்றத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஒட்டுப் போடப் பழகுங்கள்

உடைமுள்ளும் நெருஞ்சியும் உள்ள நாட்டில் இது தெரியாமல் புறப்படக் கூடாது. வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள். ரயரை நெம்பிக் கழற்றி ரியூப்பை வெளியே எடுத்து, காற்றடித்து, தண்ணீர் வாளியில் அமிழ்த்துங்கள். குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தை உலர்த்தி, அரத்தாளால் உரசி, சொலுசனை மெல்லிதாகப் பூசுங்கள். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். சொலுசன் ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் நிற்காது. தொட்டால் விரலில் பிசுக்காத அளவுக்கு உலரவிட்டு, அதன்பின் ஒட்டை வைத்து நன்றாக அழுத்துங்கள்.

ரியூப்பை மாட்டுவதற்கு முன் ரயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவுங்கள். முள் இன்னும் அங்கேயே குத்திக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் மாட்டினால் அரைக் கிலோமீட்டரில் மறுபடி இறங்க வேண்டியதுதான். ஒட்டுச் சாமான், ரயர் நெம்பி, சிறிய பம்ப் மூன்றையும் எப்போதும் கரியரில் கட்டி வையுங்கள்.

மூன்றாம் படி: காற்றைப் பார்த்துத் திசையைத் தெரிவுசெய்யுங்கள்

வைகாசி முதல் ஆவணி வரை, சில ஆண்டுகளில் அதற்குப் பின்னும், தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை வரும். விதி இதுதான்: கால் புதிதாக இருக்கும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்த பின் காற்றோடு திரும்புங்கள்.

கிளிநொச்சியிலிருந்து புறப்படுபவர் சோளகக் காலத்தில் மேற்கே கனகபுரம், உருத்திரபுரம் பக்கம் போகலாம். தை, மாசியில் மழை ஓய்ந்து வாடை மட்டும் இருக்கும்போது கிழக்கே வட்டக்கச்சிப் பக்கம் போகலாம். இரண்டுமே இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்வெளிகள். பச்சை வயலின் நடுவே வாய்க்காலோடு ஓடும் வீதியில் காலை ஆறு மணிக்கு மிதிப்பதை விட மேலான ஒன்றை நான் அறியேன். ஏ9 வீதியைக் குறுக்கே கடப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். அங்கே பஸ்களும் லொறிகளும் ஓடும் வேகம் பழகுநருக்கு ஏற்றதல்ல.

எதிர்க்காற்று ஏன் இவ்வளவு கொடியது? மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் போக, காற்றும் அதே வேகத்தில் எதிரே வந்தால், உங்கள் மேல் மோதுவது 30 கிலோமீட்டர் வேகக் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். ஆகவே தடை இரு மடங்கல்ல, நான்கு மடங்கு. இதனால்தான் பலத்தால் காற்றை வெல்ல முயல வேண்டாம் என்கிறேன். முழங்கையை மடித்து உடலைத் தாழ்த்துங்கள். வேகம் குறையட்டும். மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருபவரோடு பேசக்கூடிய அளவில் மிதியுங்கள். கியர் உள்ள சைக்கிள் என்றால் இலகுவான கியருக்கு மாற்றுங்கள். நண்பர் ஒருவர் கூட வந்தால், வாகனமில்லாத நேர் வீதியில் ஒருவர் பின் ஒருவராக, முன்னால் போகும் சைக்கிளின் பின்சில்லைத் தொடாத இடைவெளிவிட்டுப் போங்கள். பின்னால் வருபவருக்குக் காற்று நன்றாகக் குறையும். சில நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள்.

நான்காம் படி: புறப்படுங்கள்

விடிந்து வெளிச்சம் வந்த பின் புறப்படுங்கள். சோளகம் வெயில் ஏறத்தான் பலமாக எழும்பும், அதற்குள் திரும்பிவிடலாம். தலைக்கவசம், கண்ணில் படும் நிறத்தில் சட்டை, ஒரு லீற்றர் தண்ணீர், இரண்டு வாழைப்பழம். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் கால் மணிக்கொருமுறை இரண்டு மிடறு குடியுங்கள். 40 நிமிடம் காற்றை எதிர்த்துப் போய், எங்கே நின்றாலும் அங்கேயே திரும்புங்கள். போக வர 20 கிலோமீட்டர் அளவில் முடியும்.

வீதியில் இடப்பக்கம் செல்லுங்கள், ஆனால் ஓரத்து மணலுக்குள் இறங்காதீர்கள். கிரவல் வந்தால் முன் பிரேக்கைச் சடுதியாகப் பிடிக்காதீர்கள், சில்லு வழுக்கும். காலபோக அறுவடை நாட்களில் வீதியில் நெல் காயப் போட்டிருப்பார்கள். அது ஒரு குடும்பத்தின் போக உழைப்பு. அதன் மேல் ஏறாமல், இறங்கி உருட்டிக்கொண்டு கடந்து போங்கள்.

இன்னும் இரண்டு விடயத்தில் கண்டிப்பாக இருங்கள். மண்டையோட்டுக் குறியோடு சிவப்புப் பலகை நட்ட இடங்களில், நிழலுக்காகவோ வேறெதற்காகவோ வீதியை விட்டு ஓரடி கூட இறங்காதீர்கள். மிதிவெடி அகற்றும் பணி பல இடங்களில் முடிந்திருந்தாலும் பலகை நிற்கும் இடத்தில் பலகை சொல்வதுதான் முடிவு. மற்றது யானை. மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கக் காட்டு வீதிகளில் அந்தி சாய்ந்த பின்னும் விடியும் முன்னும் சைக்கிளில் போகாதீர்கள். யானை நின்றால் நெருங்காமல், மணி அடிக்காமல், வந்த வழியே திரும்புங்கள்.

வீடு வந்ததும் செயினைத் துடைத்து, ரயரில் முள் ஏதும் குத்தியிருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். அடுத்த ஒரு நாள் காலுக்கு ஓய்வு கொடுங்கள். வாரத்துக்கு மூன்று நாள் இப்படி ஓடினால், ஒரு மாதத்தில் 40 நிமிடத்தை ஒரு மணி நேரமாக நீட்டலாம். அப்போது அக்கராயன் குளக்கட்டு வரை போய்வரும் திட்டத்தைப் போடுங்கள். சோளகக் காலமென்றால் அதுவும் போகும்போதே எதிர்க்காற்றுத்தான்.